நதிமூலம், ரிஷிமூலம், பணமூலம்

ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். குதிரைச் சவாரிக்குக் கிளம்பிய மூன்று பேர், குடிக்க ஏதாவது கிடைக்கும் என்று ஒரு மாளிகை வாசலில் இறங்குகிறார்கள். டாம் புகேனன், ஸ்லோன் என்று ஒருவன், பழுப்புச் சவாரி உடையில் ஒரு பெண். வீட்டுக்காரன் ஜே கேட்ஸ்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிகரெட்டா, சுருட்டா, எலுமிச்சைச் சாறா, ஷாம்பெயினா என்று உபசரிக்கிறான். ஸ்லோன் ஒன்றும் வேண்டாம் என்று நாற்காலியில் சாய்ந்துகொள்கிறான். இரண்டு கிளாஸ் விஸ்கி உள்ளே போன பிறகு அந்தப் பெண், ராத்திரி என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று கேட்ஸ்பியைக் கூப்பிடுகிறாள். ஒப்புக்குச் சொன்ன அழைப்பு. கூட இருக்கும் நிக் கேரவேயையும் கூப்பிடுகிறாள். அவனுக்கு விஷயம் புரிகிறது. நாசூக்காக மறுத்து ஒதுங்கிக்கொள்கிறான். கேட்ஸ்பிக்குப் புரியவில்லை. என்னிடம் குதிரை கிடையாது, பட்டாளத்தில் ஏறியதுதான், காரில் பின்னாலேயே வருகிறேன், ஒரு நிமிஷம் என்று உள்ளே போகிறான். இவன் நிஜமாகவே வரப்போகிறானா என்று டாம் திகைக்கிறான். கேட்ஸ்பி தொப்பியும் மெல்லிய மேல்கோட்டுமாக வாசலுக்கு வரும்போது, குதிரைகள் மரங்களுக்கு நடுவே மறைந்துவிட்டிருக்கின்றன.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யில் கொலை உண்டு, கார் விபத்து உண்டு, கள்ள உறவு உண்டு. எனக்கு மிகக் குரூரமாகப் படுவது இந்தச் சின்னக் காட்சிதான். கேட்ஸ்பி நினைத்தால் ஒரு லாயம் நிறைய குதிரை வாங்கலாம். எந்த அழைப்பை ஏற்கக் கூடாது என்கிற அறிவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. டாமோ, ஊரெல்லாம் குதிரை லாயத்தைக் கார் கொட்டகையாக மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், கார் கொட்டகையை லாயமாக மாற்றிய முதல் ஆள் நான்தான் என்று பெருமை அடிப்பவன். பழமை என்பதும் விலை கொடுத்துச் செய்துகொள்வதுதான் என்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று பழமொழி இருக்கிறது. சின்ன வயதில் அது அற்பனைப் பற்றியது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த நாவலைப் படித்த பிறகு, எவன் குடை பிடிக்கிறான் என்று அர்த்த ராத்திரியிலும் விழித்திருந்து எட்டிப் பார்த்தவனைப் பற்றியும் அது சொல்கிறது என்று தோன்றியது.

1925 ஏப்ரல் 10-ஆம் தேதி நாவல் வெளிவந்தது. நூறு ஆண்டுகளாக அதைப் பற்றி நடக்கும் பேச்சில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: கேட்ஸ்பி யார், பணம் எங்கிருந்து வந்தது, பழையதை ஏன் மறைத்தான்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும் என்பது என் எண்ணம். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். நாவலில் வரும் ஒவ்வொருவர் பணத்துக்கும் ஒரு மூலம் இருக்கிறது. பல மூலங்கள் நாற்றமடிப்பவை. துருவப்படுவது ஒருவனுடையது மட்டுமே. மற்றவர்கள் விஷயத்தில் எல்லாரும் அந்தப் பழமொழிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறார்கள்.

கேட்ஸ்பி மறைத்தது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். அவன் பெயர் கேட்ஸ்பி இல்லை, ஜேம்ஸ் கேட்ஸ். வடக்கு டகோட்டாவில் விவசாயம் செய்தும் உருப்படாத பெற்றோருக்குப் பிறந்தவன். பதினேழு வயதில் சுப்பீரியர் ஏரிக்கரையில் டான் கோடி என்ற கோடீஸ்வரனின் உல்லாசப் படகைப் பார்த்து, துடுப்புப் படகில் அருகே போய், புயல் வரப்போகிறது என்று எச்சரித்த அந்தச் சில நிமிஷங்களில் பெயரை மாற்றிக்கொண்டான். ஐந்து வருஷம் கோடியோடு சுற்றினான். கோடி உயிலில் எழுதிவைத்த 25,000 டாலர் அவன் கைக்கு வரவேயில்லை. பிறகு பட்டாளம், லூயிவில் நகரத்தில் பின்னால் டாமின் மனைவியாகப்போகும் டெய்சியோடு காதல், போர், ஆக்ஸ்ஃபோர்டில் ஐந்து மாதம், கடைசியில் மேயர் வுல்ஃப்ஷைம் என்ற சூதாட்டப் பெரும்புள்ளியின் நிழல்.

ஊர் சொல்லும் கதைகள் வேறு. ஆளைக் கொன்றவன், ஜெர்மன் உளவாளி, கெய்சர் வில்ஹெல்மின் சொந்தக்காரன். அவன் சொல்லும் கதை இன்னும் தமாஷ்: மத்திய மேற்கில் பெரிய குடும்பம், எல்லாரும் இறந்து சொத்து தனக்கு வந்தது என்கிறான். மத்திய மேற்கில் எந்த ஊர் என்று நிக் கேட்டதும் சான்ஃபிரான்சிஸ்கோ என்கிறான். பசிபிக் கடலோரத்து ஊர் அது. பொய் சொல்லத் தெரியாதவன் என்று நாம் முடிவு கட்டும் நேரத்தில் சட்டைப் பையிலிருந்து மாண்டநீக்ரோ அரசு கொடுத்த பதக்கத்தையும், கையில் கிரிக்கெட் மட்டையோடு ஆக்ஸ்ஃபோர்டில் எடுத்த புகைப்படத்தையும் நீட்டுகிறான். இரண்டும் அசல். அவன் மறைத்த விதத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். சாட்சியம் இருக்கும் இடத்தில் உண்மை, இல்லாத இடத்தில் பொய் என்றில்லாமல், இரண்டையும் ஒரே நூலில் நெய்துவிட்டான். பின்னால் ஒரு நாள், இந்த வீட்டை வாங்கிய பணத்தைச் சம்பாதிக்க மூன்று வருஷம் பிடித்தது என்று வாய்தவறிச் சொல்கிறான். பரம்பரைச் சொத்து என்றாயே என்று நிக் கேட்க, அதில் பெரும்பகுதி போரையொட்டிய பீதியில் போய்விட்டது என்று சமாளிக்கிறான்.

இந்த மறைப்பை ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரே வீச்சில் எழுதிவிடவில்லை. 1924-ல் பிரான்சின் தெற்குக் கடற்கரையில் இருந்தபடி எழுதி அனுப்பிய பிரதியைப் படித்த ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்தின் ஆசிரியர் மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸ், நவம்பரில் ஒரு கடிதம் எழுதினார். மற்ற பாத்திரங்களைத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியும்போல இருக்கிறது, கேட்ஸ்பி மட்டும் மங்கலாக நிற்கிறான், பணம் வந்த வழிக்கு ஒரு குறிப்பாவது தர வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். கேட்ஸ்பி எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்பது தனக்கே தெரிந்திருக்கவில்லை என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் பதிலில் ஒப்புக்கொண்டார். பிறகு ரோமில் உட்கார்ந்து அச்சுப் படிகளையே பிரித்துப்போட்டார். நாவலின் பின்பகுதியில் ஒரே பாட்டமாக இருந்த கேட்ஸ்பியின் பூர்வகதை துண்டு துண்டாக முன் அத்தியாயங்களுக்கு நகர்ந்தது. முந்தைய வடிவம் ‘ட்ரிமால்கியோ’ என்ற பெயரில் 2000-ல் கேம்பிரிட்ஜ் பதிப்பாக வந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் செப்பனிட்ட கை தெரியும். ட்ரிமால்கியோ, ரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியஸின் கதையில் வரும் விருந்துப் பிரியன், அடிமையாக இருந்து விடுதலையாகிப் பணம் சேர்த்தவன். நாவலுக்கே அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் அடம்பிடித்தார். நல்லவேளை, நடக்கவில்லை.

செப்பனிட்ட பிறகும் குறை சொன்னவர்கள் உண்டு. ஈடித் வார்ட்டன் 1925 ஜூனில் எழுதிய கடிதத்தில், கேட்ஸ்பியின் இளமையைச் சுருக்கக் குறிப்பாக விட்டிருக்க வேண்டாம், முழுதாகச் சொல்லியிருக்கலாம் என்றார். ‘தி ஹவுஸ் ஆஃப் மெர்த்’ (1905), ‘தி கஸ்டம் ஆஃப் தி கன்ட்ரி’ (1913) என்று நியூயார்க் மேல்வர்க்கத்தின் உள்கட்டு வரைக்கும் போய் எழுதியவர். பழைய பணக்காரக் குடும்பத்திலேயே பிறந்தவர். மூலத்தை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அந்தப் பக்கத்திலிருந்து வருவதில் வியப்பில்லை. விமர்சகர் எச். எல். மெங்கன், உரைநடையை மெச்சிவிட்டு, கதை ஏதோ ஊதிப் பெருக்கிய துணுக்கு என்று ஒதுக்கினார். நான் இருவர் பக்கமும் இல்லை. கேட்ஸ்பியின் கதை முழுதாகத் தெரிந்திருந்தால், மற்றவர்கள் கதை எவ்வளவு தெரியாமல் இருக்கிறது என்று நாம் கவனித்திருக்கவே மாட்டோம்.

நிக் கேரவேயிலிருந்து தொடங்கலாம். தன்னை நேர்மையானவன் என்று சொல்லிக்கொண்டு கதை சொல்பவன். மத்திய மேற்கு நகரமொன்றில் மூன்று தலைமுறையாக வசதியான குடும்பம். ஸ்காட்லாந்து பிரபு வம்சத்திலிருந்து வந்தவர்கள் என்று வீட்டில் ஒரு கதை ஓடுகிறது. நிஜத்தில் குடும்பத்தை நிறுவியவர் தாத்தாவின் அண்ணன் தம்பியில் ஒருவர். 1851-ல் வந்தவர். உள்நாட்டுப் போர் வந்தபோது தனக்குப் பதிலாக இன்னொருவனைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு, மொத்த விலை இரும்புச் சாமான் கடை போட்டார். அந்தக் கடைதான் இன்றும் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அவர் படம் அப்பாவின் அலுவலகத்தில் தொங்குகிறது. ஆள் மாற்றி அனுப்புவது அன்று சட்டப்படி சரி. 1863-ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றாள் கொடுக்கலாம் அல்லது 300 டாலர் கட்டிவிட்டு விலகலாம் என்றது. ஜே. பி. மார்கன், ஆண்ட்ரூ கார்னெகி போன்றவர்கள் மாற்றாள் அனுப்பியவர்களே. நிக் இதையெல்லாம் முதல் அத்தியாயத்தில் போகிறபோக்கில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறான். வாசிப்பவரும் போய்விடுகிறார். கேட்ஸ்பி போர்முனைக்கு நேரில் போய்ப் பதக்கத்தோடு வந்தவன் என்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்க, எனக்கே மூன்றாவது வாசிப்பு தேவைப்பட்டது.

டான் கோடி? நெவாடா வெள்ளி, யூகான், 1875-க்குப் பிறகு நடந்த ஒவ்வொரு உலோக வேட்டையும், கடைசியில் மாண்டானா செம்பு. கேட்ஸ்பியின் மாளிகையைக் கட்டியவர் ஒரு பீர் ஆலை முதலாளி. பழங்கால மோகம் தலைக்கேறி, சுற்றியிருக்கும் சிறுவீட்டுக்காரர்கள் கூரையை வைக்கோலால் வேய்ந்தால் ஐந்து வருஷ வரியைத் தானே கட்டுவதாகச் சொன்னாராம். ஒருவரும் இசையவில்லை. அவர் மனமுடைந்து போனார். துக்க வளையத்தை வாசற்கதவிலிருந்து எடுக்கும் முன்பே பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். பீர் விற்றவர் கட்டிய வீடு, மது தடையான பிறகு கள்ளச் சாராயம் விற்றவனிடம் வந்து சேர்கிறது. நடுவில் மாறியது சட்டம் மட்டும்.

எதிர்க்கரையில் டாமின் வீடு. அவன் பெருமையோடு நிக்குக்குச் சுற்றிக்காட்டும் அந்த மாளிகை, முன்பு ஓர் எண்ணெய் முதலாளியுடையது, டாமே சொல்கிறான். ஆக, பழைய பணத்தின் கோட்டையும் கைமாறி வந்ததுதான். டாமின் குடும்பம் எதில் சம்பாதித்தது என்று நாவல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கதாசிரியரின் மறதி என்று இதை விட முடியாது. கேட்ஸ்பிக்கு மருந்துக் கடையிலிருந்து பத்திரம் வரை கணக்குக் காட்டும் எழுத்தாளர் அவர். கல்யாணத்துக்கு நூறு பேரை நான்கு தனி ரயில் பெட்டிகளில் லூயிவிலுக்கு அழைத்து வந்து, முதல் நாள் டெய்சிக்கு 3,50,000 டாலர் முத்துமாலை போட்டவனிடம், எங்கிருந்து வந்தது என்று கேட்பாரில்லை. பழைய பணம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது: மூலம் கேட்கப்படாத பணம்.

கேட்ஸ்பியின் தொழிலுக்கு வருவோம். அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 ஜனவரியில் அமலுக்கு வந்து 1933 டிசம்பரில் முடிந்தது. அதைச் செயல்படுத்திய வோல்ஸ்டெட் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. மருத்துவர் சீட்டு எழுதினால் மருந்துக் கடையில் விஸ்கி வாங்கலாம், நோயாளிக்குப் பத்து நாளுக்கு ஒரு பைண்ட். சந்து வழியாக லாரியே போனது. சின்சினாட்டியில் ஜார்ஜ் ரீமஸ் என்ற வழக்கறிஞர், முன்பு மருந்தாளராக இருந்தவர், மது ஆலைகளையும் மருந்து நிறுவனங்களையும் வாங்கினார். மருந்துக்கென்று சட்டப்படி வெளியே வந்த தன் சரக்கைத் தன் ஆட்களை வைத்தே கொள்ளையடிக்கச் செய்து கள்ளச் சந்தையில் விற்றார். கேட்ஸ்பியும் வுல்ஃப்ஷைமும் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் சந்துமுனை மருந்துக் கடைகளை வாங்கிச் சாராயம் விற்றார்கள் என்று டாம் கண்டுபிடிப்பது இந்த உலகத்தைத்தான். வுல்ஃப்ஷைமுக்கு மாதிரி ஆர்னால்ட் ராத்ஸ்டைன், 1919 பேஸ்பால் இறுதிப் போட்டித் தொடரை விலைக்கு வாங்கியதாகப் பேசப்பட்டவர். ஃபிட்ஸ்ஜெரால்ட் குடியிருந்த கிரேட் நெக்கிலேயே எட்வர்ட் ஃபுல்லர் என்ற பங்குத் தரகரும் இருந்தார். 1922 ஜூனில் அவருடைய நிறுவனம் திவாலானது. வாடிக்கையாளர் பணத்தை வாங்கிக்கொண்டு பங்கு வாங்காமலே கணக்கு எழுதும் வகைக் கடை அது. விசாரணையில் ராத்ஸ்டைன் பெயரும் அடிபட்டது. பெர்க்கின்ஸுக்கு எழுதிய பதிலில் ஃபிட்ஸ்ஜெரால்ட் இந்த வழக்கைக் குறிப்பிடுகிறார்.

டாம் எல்லார் முன்னிலும் இதைப் போட்டு உடைக்கும் ஹோட்டல் அறைக் காட்சியில், பலரும் தாண்டிப்போகும் ஒரு பெயர் வரும்: வால்டர் சேஸ். டாமின் நண்பன், டாமின் வட்டத்து ஆள். அவனும் இதே தொழிலில் கேட்ஸ்பியோடு இருந்தவன். நியூ ஜெர்சியில் ஒரு மாதம் சிறையில் இருந்தான். டாமின் குற்றச்சாட்டு, என் நண்பனை மாட்டிவிட்டாய் என்பது. கேட்ஸ்பியின் பதில், கையில் காசில்லாமல் எங்களிடம் வந்தான், கொஞ்சம் சம்பாதித்ததில் அவனுக்குச் சந்தோஷம்தான் என்பது. ஆக, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் இதே குட்டையில் இறங்கியவர்கள்தான். கரையேறிய பிறகு ஒருவன் ஏமாந்த நண்பன், இன்னொருவன் ஊர் பேர் தெரியாதவன்.

ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இதெல்லாம் வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்ததில்லை. 1896-ல் மினசோட்டாவின் செயின்ட் பாலில் பிறந்தவர். அப்பா எட்வர்டின் வம்சம் மேரிலாந்தின் பழைய குடும்பம்; தேசிய கீதம் எழுதிய பிரான்சிஸ் ஸ்காட் கீ தூரத்து உறவு, பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். அம்மா மோலியின் அப்பா அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து மளிகை மொத்த வியாபாரத்தில் சம்பாதித்தவர். அப்பா வழியில் பெயர், அம்மா வழியில் பணம். பிரம்பு நாற்காலித் தொழில் நொடித்து, 1908-ல் விற்பனையாளர் வேலையும் போய் அப்பா வீடு திரும்பியபோது பையனுக்கு வயது பதினொன்று. பிறகு குடும்பம் ஓடியது மளிகைப் பணத்தில். கேரவே குடும்பத்தின் பிரபு வம்சக் கதையும் மொத்த விலை இரும்புக் கடையும் எந்த வீட்டிலிருந்து வந்தன என்று யோசிக்க வேண்டியதில்லை.

சிகாகோவை அடுத்த லேக் ஃபாரஸ்டின் பெரிய வீட்டுப் பெண் ஜினேவ்ரா கிங்கை 1915-ல் சந்தித்தார். ஏழைப் பையன்கள் பணக்காரப் பெண்களைக் கட்ட நினைக்கக் கூடாது என்று அங்கே காதில் விழுந்த பேச்சைத் தன் கணக்குப் புத்தகத்தில் குறித்துவைத்தார். டாம் தன் போலோ குதிரைகளை இறக்கியது லேக் ஃபாரஸ்டிலிருந்து என்று நாவலில் எழுதினார். பிறகு காதலித்த ஸெல்டா சேயர், வருமானம் போதாது என்று 1919-ல் நிச்சயத்தை முறித்தாள். முதல் நாவல் 1920 மார்ச்சில் வந்து விற்றதும் ஏப்ரலில் அவளோடு கல்யாணம். எழுத்து மருந்துக் கடையைவிடக் கௌரவமான தொழில். மற்றபடி கேட்ஸ்பி போட்ட கணக்கும் இதே கணக்குத்தான்.

டெய்சியின் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த நாவல் துணிகளால் ஆனது. மூன்று உடைகள். முதலாவது, 1917-ல் லூயிவிலில் கேட்ஸ்பி போட்டிருந்த ராணுவ உடை. பையில் ஒரு காசில்லாத ஆள் என்பதை அந்த உடை மறைத்தது. எல்லா அதிகாரிக்கும் ஒரே துணி, ஒரே பொத்தான். டெய்சியின் வீட்டு வாசலை அவன் தாண்டியதே அதனால்தான். இரண்டாவது, ஐந்து வருஷம் கழித்து அவன் அலமாரியிலிருந்து எடுத்து எடுத்து மேஜைமேல் வீசும் சட்டைகள். இங்கிலாந்தில் ஓர் ஆள் வாங்கி அனுப்புவது. லினன், பட்டு, ஃபிளானல், கோடு போட்டது, கட்டம் போட்டது, பவள நிறம், ஊதா. டெய்சி அந்தக் குவியலில் முகம் புதைத்து அழுகிறாள். எதற்கு அழுகிறாள் என்பதற்கு விமர்சகர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். ராணுவ உடைக்குள் இருந்தவனிடம் இதெல்லாம் இருக்கும் என்று தெரிந்திருந்தால் காத்திருந்திருப்பேனே என்ற அழுகையாகத்தான் எனக்குக் கேட்கிறது.

மூன்றாவதை அதிகம் பேர் பேசுவதில்லை. டாமின் காதலி மர்ட்டில், கார் பட்டறைக்காரன் வில்சனின் மனைவி. அவனைக் கனவான் என்று நினைத்துக் கட்டிக்கொண்டேன் என்று ஒரு குடி விருந்தில் புலம்புகிறாள். கல்யாணத்துக்கு அவன் போட்டிருந்த நல்ல சூட் இன்னொருவனுடையது. அவள் ஒருநாள் வீட்டில் தனியாக இருக்கும்போது சூட்டுக்குச் சொந்தக்காரன் கேட்டு வந்து நிற்கிறான். எடுத்துக் கொடுத்துவிட்டு, பிற்பகல் முழுக்க அழுதேன் என்கிறாள். ஒருத்தி சட்டைகள் இருப்பதற்கு அழுகிறாள், ஒருத்தி சட்டை இரவல் என்பதற்கு அழுகிறாள். வில்சன் மறைத்த கடந்த காலம் ஒரே ஒரு சூட்தான். ஏழைக்கு மறைக்கவும் அதற்குமேல் இருப்பதில்லை.

அந்தப் பட்டறை இருக்கும் சாம்பல் மேடு கற்பனையில்லை. நியூயார்க்கின் வீட்டு அடுப்புச் சாம்பலையெல்லாம் கொட்டிய இடம், குயின்ஸ் பகுதியில் கொரோனா, ஃபிளஷிங் ஓரம். பின்னால் அதைச் சமன் செய்துதான் 1939 உலகக் கண்காட்சியை நடத்தினார்கள். பணம் பந்தியிலே, குலம் குப்பையிலே என்பது நம் பழமொழி. ஃபிட்ஸ்ஜெரால்ட் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்கிறார். பந்தி இருக்கிறது, சனிக்கிழமை தோறும் வருகிறார்கள். வந்தவர்கள் பெயரை நிக் ஒரு பழைய ரயில் கால அட்டவணையின் ஓரத்தில் எழுதிவைக்கிறான். 1922 ஜூலை 5 முதல் அமல் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. டாமின் பக்கமான கிழக்குக் கரைக்காரர்கள் பெயர்கள் முதலில், ஆங்கிலச் சாயலில். கேட்ஸ்பியின் பக்கமான மேற்குக் கரைக்காரர்கள் அடுத்து, மல்ரெடி, கோஹன், ஷ்வார்ட்ஸ் என்று குடியேறிகளின் ஓசையில். விருந்தில் கலந்து சாப்பிட்டவர்கள் பட்டியலில் தனித்தனியாகத்தான் உட்காருகிறார்கள். குப்பைக்குப் போவது குலமில்லை, வில்சன்கள்தான்.

பெயர்களின் ஓசை சும்மா வந்ததில்லை. முதல் விருந்திலேயே டாம், வெள்ளை இனம் மூழ்கப்போகிறது என்று ஒரு புத்தகத்தைக் காட்டிப் பேசுகிறான். லோத்ராப் ஸ்டாடர்ட் 1920-ல் எழுதிய இனவாத நூலின் நிழல் அது. அதை வெளியிட்டதும் ஸ்கிரிப்னர்ஸ்தான். 1924-ல் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களைக் கடுமையாக மட்டுப்படுத்திய குடியேற்றச் சட்டம் வந்தது. கேட்ஸ் என்ற பெயர் கேட்ஸ்பி ஆனதை இந்தச் சூழலில் வைத்துப் பார்க்கும்போது, பண மறைப்புக்கு உள்ளே இன மறைப்பும் இருக்கலாம் என்று தோன்றும். கேட்ஸ்பி வெள்ளையராகக் கடந்துபோன கறுப்பர் என்றே கார்லைல் தாம்சன் என்ற ஆய்வாளர் வாதிட்டார். அப்பா கேட்ஸ் நேரில் வந்து நிற்கும் நாவலில் அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். ஆனால் கதையின் எலும்புக்கூடு ஒன்றுதான் என்பதை மறுக்க முடியாது. நெல்லா லார்சனின் ‘பாஸிங்’ (1929) நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: இனத்தை மறைத்து வாழும் கிளேர் கென்ட்ரியும் விருந்துகளில் ஜொலிக்கிறாள், கணவனுக்கு உண்மை தெரியும் கணத்தில் ஜன்னலிலிருந்து விழுந்து சாகிறாள்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் சறுக்கும் இடமும் இங்கேதான். மனிதக் கடைவாய்ப் பல்லில் கைப்பொத்தான் செய்து போட்டிருக்கும் வுல்ஃப்ஷைம், யூதர்களைப் பற்றிய அன்றைய கேலிச்சித்திரத்திலிருந்து ஒரு கோடும் விலகாதவன். டாமின் இனவாதத்தைக் கிண்டலடித்த அதே பேனாதான் இதையும் எழுதியது. 2013-ல் பாஸ் லர்மன் எடுத்த படத்தில் அந்த வேஷத்தை அமிதாப் பச்சனுக்குக் கொடுத்துச் சிக்கலைத் தாண்டினார்கள். சில நிமிஷமே வந்தாலும் படத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது அவர்தான்.

புத்தகத்தின் சொந்தக் கதையும் கேட்ஸ்பி கதைபோலத்தான் போனது. முதல் அச்சு 20,870 பிரதி. ஆகஸ்டில் 3,000 பிரதி இரண்டாம் அச்சு. 1940 டிசம்பரில் ஹாலிவுட்டில் ஃபிட்ஸ்ஜெரால்ட் இறந்தபோது அதில் ஒரு பகுதி கிடங்கிலேயே கிடந்தது. உலகப் போரின் முடிவில் ராணுவ வீரர்களுக்காக அச்சிட்ட சட்டைப்பைப் பதிப்பில் 1,55,000 பிரதிகள் இலவசமாகப் போயின. 1945-ல் லயனல் ட்ரில்லிங், எட்மண்ட் வில்சன் போன்ற விமர்சகர்கள் கையிலெடுத்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்கள், சினிமா. 2012-ல் அமெரிக்க அதிபரின் பொருளாதார ஆலோசகர் ஆலன் க்ரூகர் ஒரு வரைகோட்டுக்கே ‘கிரேட் கேட்ஸ்பி’ என்று பெயர் வைத்தார். மைல்ஸ் கொராக்கின் தரவுகளை வைத்துப் போட்டது. ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள நாடுகளில் பிள்ளையின் வருமானம் அப்பாவின் வருமானத்தை இறுக்கமாக ஒட்டியே நிற்கும் என்று அந்தக் கோடு காட்டுகிறது. டென்மார்க், நார்வே ஒரு முனை. பணக்கார நாடுகளில் அமெரிக்கா மறுமுனைப் பக்கம். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினரின் கணக்கு இன்னொன்று: 1940-ல் பிறந்த அமெரிக்கர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள், 1980-களில் பிறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். வரைகோட்டுக்கு வைத்த பெயரில் ஒரு முரண் உண்டு. கேட்ஸ்பி அந்தக் கோட்டை மீறியவன். மீறுவதற்கு என்ன வழி மிச்சமிருந்தது என்பதைத்தான் வோல்ஸ்டெட் சட்டத்தின் சந்து சொல்கிறது.

மறைந்த கடந்த காலம் பற்றிய நாவல் என்று இதைச் சொல்லும்போது, கடைசியில் மறைக்கப்படும் ஒன்றை விட்டுவிடுகிறோம். மர்ட்டிலை மோதிக் கொன்ற காரை ஓட்டியவள் டெய்சி. கேட்ஸ்பி பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். காருக்கு யார் சொந்தம் என்று டாம், துப்பாக்கியோடு வந்த வில்சனிடம் சொல்கிறான். வில்சன் கேட்ஸ்பியைச் சுட்டுவிட்டுத் தானும் சாகிறான். விசாரணையில் மர்ட்டிலின் தங்கை, அக்கா கேட்ஸ்பியைப் பார்த்ததேயில்லை, புருஷனோடு சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்று சாட்சி சொல்கிறாள். வழக்கு முடிந்தது. டாமும் டெய்சியும் பெட்டி படுக்கையோடு போய்விட்டார்கள். முகவரி விட்டுப் போகவில்லை. நம் கண் முன்னாலேயே ஒரு பழைய குடும்பத்துக்கு மூலம் ஒன்று உருவாகி, மூடப்பட்டு, மேலே புல்லும் முளைத்துவிடுகிறது. இன்னும் மூன்று தலைமுறை கழித்து அந்த வீட்டுப் பேரப்பிள்ளை, முதல் அத்தியாயத்து நிக்கைப்போல, வேறு ஏதோ வம்சக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான்.

சவ அடக்கத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். கேட்ஸ்பியின் நூலகத்தில் புத்தகங்கள் அட்டைப் பெட்டியில்லை, அசல்தான் என்று ஒரு விருந்தில் அதிசயப்பட்ட கண்ணாடிக்காரர் வந்தார். அசல் புத்தகங்கள்தான், ஆனால் தாள்களின் மடிப்பு வெட்டப்படவில்லை. அந்தக் காலத்தில் கத்தியால் மடிப்பைக் கீறித்தான் படிக்க முடியும். அதை அன்று கவனித்தவர் அவர் ஒருவர்தான்.

மினசோட்டாவிலிருந்து அப்பா ஹென்றி கேட்ஸ் வந்தார். குடும்பத்தில் எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று கேட்ஸ்பி சொன்னானே, அந்தக் குடும்பம். பெரியவர் கையில் பழைய கௌபாய் கதைப் புத்தகம் ஒன்று, ‘ஹோபலாங் காசிடி’. பின்பக்க வெற்றுத் தாளில் பையன் எழுதிய தினசரி அட்டவணை. காலை ஆறு மணிக்கு எழுந்திருப்பது, உடற்பயிற்சி, மின்சாரம் படிப்பது, வாரம் ஐந்து டாலர் சேமிப்பது. ஐந்தை அடித்து மூன்று என்று திருத்தியிருக்கிறான். தேதி 1906 செப்டம்பர் 12. அந்தப் புத்தகம் வெளிவந்ததோ 1910-ல். ஃபிட்ஸ்ஜெரால்டின் பிழைதான், சந்தேகமில்லை. இருந்தாலும் கேட்ஸ்பியின் கடந்த காலத்துக்கு இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சியும் தேதி இடித்துக்கொண்டு நிற்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பெரியவர் இன்னொன்றும் வைத்திருந்தார். பர்ஸிலிருந்து எடுத்து நிக்கிடம் காட்டுகிறார். மூலைகள் விரிசல் விட்டு, பல கை பட்டு அழுக்கேறிய ஒரு புகைப்படம். இரண்டு வருஷத்துக்கு முன்பு மகன் நேரில் வந்து அப்பாவுக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறான். இந்தப் படத்தையும் அவன்தான் அனுப்பினான். ஊரில் எத்தனை பேரிடம் காட்டியிருப்பாரோ. இதோ பார், இதோ பார் என்று ஒவ்வொரு மூலையாகத் தொட்டுக் காட்டுகிறார். கேட்ஸ்பியின் மாளிகையின் படம் அது. அவர் நின்றுகொண்டிருந்தது அதே மாளிகையின் உள்ளே.